பார்வையின் விலை

கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் காசு இல்லை என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ‘பார்த்தால் என்ன, தேய்ந்தா போய்விடும்?’ என்று கேட்கிறோம். பிறர் பொருளை எடுத்தால் திருட்டு என்கிறோம். உடைத்தால் நாசம் என்கிறோம். பார்த்தால் ஒன்றும் சொல்வதில்லை. பார்த்தவன் பார்த்துவிட்டுப் போகிறான், பார்க்கப்பட்ட பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? கோயிலிலும் கண்காட்சியிலும் கல்யாண வீட்டிலும் நாம் இந்த நம்பிக்கையோடுதான் நடமாடுகிறோம்.

இந்த நம்பிக்கையை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டுமென்றால், கடல் நீருக்குள் காமிராவைக் கொண்டுபோய்ப் படம் பிடிக்கும் பழக்கத்தைச் சொல்லலாம். கரையில் நின்று பார்ப்பவன் கடலுக்கு எதுவும் செய்வதில்லை. ஆனால் உள்ளே இறங்கிப் பார்க்கிறவன் ஒரு வீட்டின் வாசற்படியைத் தாண்டியவன். அங்கே பார்வை எப்போது வெறும் பார்வையாக இருக்கிறது, எப்போது வேறொன்றாக மாறுகிறது என்பது கரையில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

இதை ஸ்நார்க்கலிங் என்கிறார்கள். முகத்தில் ஒரு கண்ணாடிக் கவசம். வாயில் ஒரு வளைந்த குழாய். நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. காலில் வாத்தின் பாதம்போல ரப்பர் துடுப்பு. இவ்வளவுதான். நீர் மட்டத்தில் குப்புற மிதந்தபடி கீழே பார்த்துக்கொண்டே போகலாம். குழாயை இன்னும் நீளமாக்கினால் ஆழத்திலேயே இருந்து மூச்சு விடலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. நீரின் பாரம் மார்பை அழுத்தும். விட்ட மூச்சே குழாயில் தங்கி மறுபடி உள்ளே வரும். ஆகையால் ஆழத்துக்குப் போக விரும்புகிறவன் மூச்சை அடக்கிக்கொண்டுதான் முழுக வேண்டும். பழகாதவர்களுக்கு அரை நிமிஷம். கொஞ்சம் பழகினால் ஒரு நிமிஷம். அதற்குள் பார்த்ததுதான் பார்த்தது.

யோசித்துப் பார்த்தால் இது மிகவும் நேர்மையான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. மூச்சு இருக்கிறவரையில் விருந்தாளி, மூச்சு தீர்ந்ததும் கிளம்ப வேண்டியதுதான். உட்கார்ந்து பேச இடமில்லை. இந்த ஏற்பாட்டில் பார்வைக்குரிய விலையைப் பார்ப்பவன் தன் மார்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறான்.

இங்கே காமிரா வந்து சேர்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு அந்தமானுக்குப் போய்விட்டு வந்தார். ஹேவ்லாக் என்று இருந்து 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய இடத்தில் கடலுக்குள் இறங்கி, குச்சியில் மாட்டிய சின்னஞ்சிறு காமிராவால் இரண்டு மணி நேரத்துக்குமேல் படம் எடுத்திருந்தார். பார்க்கப் போயிருந்தபோது, “உள்ளே என்ன சார் பார்த்தீர்கள்?” என்று கேட்டேன்.

“இன்னும் பார்க்கலை சார். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமா டி.வி.யில் போட்டுப் பார்க்கணும்” என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி மட்டும், “நான் ஒண்ணும் எடுக்கலை, சும்மா மிதந்துண்டிருந்தேன். பச்சையா ஒரு மீன், பாறையைக் கறுக் கறுக்குன்னு கடிச்சுது. தண்ணிக்குள்ளே அந்தச் சத்தம் கேட்டுது. முறுக்குக் கடிக்கிறாப்போல” என்று சொல்லிச் சிரித்தார்.

அது கிளிமீன். கிளியின் அலகு போன்ற பல்லால் பவளப்பாறையைச் சுரண்டித் தின்கிற மீன். தின்ற சுண்ணாம்பை அரைத்து மணலாக வெளியே விடும். பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பகுதி இப்படி மீன் வயிற்றில் அரைபட்டு வந்ததுதான். அந்த அம்மாளுக்கு மீனின் பெயர் தெரியாது. ஆனால் ஒரு தீவின் கரை எப்படி உண்டாகிறது என்பதை அவர் காதால் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் கணவருடைய படத்தில் மீன் இருந்தது, சத்தம் இல்லை. காமிராவின்மீது நீர் உரசும் ஓசைதான் இருந்தது.

காமிரா கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது அவ்வளவு எளிய விஷயம் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காமிரா நீருக்குள் என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். அது இரண்டு காரியங்களைக் கேட்கிறது.

முதலாவது, ‘கிட்டே போ’ என்கிறது. நீர் ஒளியைத் தின்னும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் போய்விடும். எல்லாம் நீலமும் பச்சையுமாக மங்கும். படம் தெளிவாக வர வேண்டுமானால் காமிராவுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் நீரைக் குறைக்க வேண்டும். நீருக்கடியில் படம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, கிட்டே போ, இன்னும் கிட்டே போ என்பதுதான். போதாக்குறைக்குக் கண்ணும் ஏமாற்றுகிறது. முகக் கண்ணாடி வழியாக நீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் நாலில் ஒரு பங்கு அருகிலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். எட்டிவிடும் என்று நினைத்தால் எட்டாது. சரி, இன்னும் கொஞ்சம் நகர்கிறோம். காமிராவின் சின்னத் திரையில் கண்ணை வைத்திருப்பவனுக்குத் தன் காலில் உள்ள துடுப்பு எதில் இடிக்கிறது என்று தெரியாது.

இடிபடுவது கல்தானே என்று நினைப்பது சகஜம். பவளம் பார்வைக்குக் கல், உண்மையில் பிராணி. சுண்ணாம்புக் கூட்டின்மேல் தோலைப்போல மெல்லிதாகப் படர்ந்திருக்கிறது அதன் உயிர். கிளை விடும் பவளங்கள் வேகமாக வளரக்கூடியவை. வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டைப் பாறை போன்ற வகைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. துடுப்பின் ஓர் உதையில் முறிவது, முறித்தவருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்து முடிக்கும் காலத்து வளர்ச்சியாக இருக்கலாம். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் லூசியாவில் முழுகுகிறவர்களைக் கவனித்து 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காமிரா வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பவளத்தில் மோதினார்கள் என்று அது சொல்கிறது. அவர்களும் கடலை நேசித்தவர்கள்தான். அந்த நேசம்தான் அவர்களை நெருங்கி வர வைத்தது.

காமிரா கேட்கும் இரண்டாவது காரியம் இதைவிடக் கடினமானது. ‘ஏதாவது நடக்க வேண்டும்’ என்கிறது. மீன் சும்மா இருந்தால் படம் இல்லை. கண் சும்மா இருப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கும். காமிராவைப் பிடித்தவனுக்குப் பொறுமை இருக்காது. பேத்தை மீன் பயந்தால் நீரைக் குடித்துப் பந்துபோல ஊதிக்கொள்ளும். எதிரியின் வாய்க்குள் நுழையாமல் இருப்பதற்கு அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதற்காக அது மிகவும் களைத்துப்போகிறது. ஆனால் ஊதிய பேத்தை படத்துக்கு அழகு. ஆகவே அதைத் துரத்தித் துரத்தி ஊத வைக்கிறார்கள். கடல் தாமரையின் விரல்களுக்கு நடுவே வாழும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீனைக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். அது காமிராவின் முன் வந்து குதித்துக் குதித்து நிற்பதை நாம் வரவேற்பு என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தன் வீட்டு வாசலில் நின்று, ‘போ, போ’ என்று நம்மை விரட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முட்டைகள் பின்னால் இருக்கலாம். அந்த மன்றாடலைத்தான் சிரித்த முகம் என்று நம்பி நண்பர்களுக்கு அனுப்பிவைக்கிறோம்.

இந்த இரண்டாவது ஆசை இன்று நேற்றுப் பிறந்ததன்று. கடலுக்கடியில் முதன்முதலாகத் திரைப்படம் எடுத்தவர் என்று பெயர் பெற்றவர் ஜான் எர்னஸ்ட் வில்லியம்ஸன் என்ற அமெரிக்கர். 1914-ல் பஹாமாத் தீவுகளில், படகிலிருந்து நீருக்குள் இறக்கிய ஓர் இரும்பு அறைக்குள் உட்கார்ந்து கண்ணாடி ஜன்னல் வழியே படம் எடுத்தார். மனிதகுலம் அதுவரை காணாத ஓர் உலகம் அந்த ஜன்னலுக்கு வெளியே அசைந்துகொண்டிருந்தது. அது போதவில்லை. செத்த குதிரையின் உடலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சுறாக்களை வரவழைத்து, வில்லியம்ஸனே நீரில் குதித்து ஒரு சுறாவைக் கத்தியால் குத்திக் கொன்றார். படம் வெற்றி பெற்றது.

பிறகு கூஸ்தோ வந்தார். ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியின் முதல் கடலடிப் படம் 1942-ல் எடுக்கப்பட்டது. காற்றுப் பெட்டி எதுவும் முதுகில் கட்டாமல், மூச்சை அடக்கி முழுகி, அவரும் நண்பர்களும் சுமார் பதினெட்டு மீட்டர் ஆழம் வரையில் எடுத்த படம் அது. நம்முடைய ஸ்நார்க்கல்காரர்களின் மூதாதை என்றே சொல்லலாம். அவரும் லூயி மாலும் சேர்ந்து எடுத்த ‘மௌன உலகம்’ 1956-ல் கான் திரைப்பட விழாவில் தலையாய பரிசு வாங்கியது. உலகத்தின் பாதிப் பேர் கடலை நேசிக்கத் தொடங்கியது அந்தப் படத்தால்தான் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகையாகும்.

அந்தப் படத்தை இன்றைக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். பவளப்பாறைகள் சூழ்ந்த ஆழமற்ற கடலில் வெடி வைக்கிறார்கள். எத்தனை வகை மீன்கள் அங்கே இருக்கின்றன என்று கணக்கெடுக்க அதுதான் வழியாம். செத்து மிதக்கும் மீன்களை எடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். கப்பலின் விசிறி பட்டுக் காயம்பட்ட ஒரு திமிங்கிலக் குட்டியைக் கொன்று அதன் வேதனையைத் தீர்க்கிறார்கள். ரத்த வாடைக்குச் சுறாக்கள் வருகின்றன. வந்து தின்கின்றன என்பதற்காக மாலுமிகள் ஆத்திரமடைந்து, சுறாக்களைத் தளத்தில் இழுத்துப் போட்டு வெட்டித் தள்ளுகிறார்கள். குட்டியைக் காயப்படுத்தியது கப்பல். தண்டனை சுறாவுக்கு. இவ்வளவையும் காமிரா ஒளிவு மறைவில்லாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லி நான் உயர்ந்துவிட விரும்பவில்லை. அதே கூஸ்தோ 1960-ல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டுவதை எதிர்த்து நின்றார். 1997-ல் இறக்கும் வரையில் கடலுக்காக வாதாடினார். அவரை மாற்றியது எது? ஆண்டுக்கணக்காக அதே கடல்களுக்குத் திரும்பத் திரும்பப் போனதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒருமுறை பார்க்கிறவனுக்குக் கடல் காட்சி. திரும்பிப் போகிறவனுக்குத்தான் நேற்று இருந்தது இன்று இல்லை என்பது தெரியும்.

இங்கே நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பார்வைக்கு விலை இல்லை என்பது பொய். எல்லாப் பார்வைக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பார்ப்பவன் தன் மூச்சையும் பொழுதையும் பொறுமையையும் கொடுத்துப் பார்க்கலாம். அவன் கொடுக்காவிட்டால் பார்க்கப்படும் உயிர் தன் அமைதியையோ, வீட்டையோ, உடம்பின் ஒரு துண்டையோ கொடுக்கும். கணக்கு எப்படியும் தீர்ந்துவிடும்.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். இந்தக் கணக்கு எனக்கு அந்நியமானதன்று. முகத்தில் கண்ணாடி மாட்டாமல், வாயில் குழாய் வைக்காமல், பிறர் வீட்டுத் துக்கத்துக்குள் நானும் இறங்கிப் பார்க்கிறேன். எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பெரியவர் காலமானபோது துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: “நீங்க வந்தது ஆறுதலா இருக்கு தம்பி. ஆனா உங்க எதிரே அழறதுக்குக்கூட பயமா இருக்கு. நாளைக்கு எதிலாவது எழுதிடுவீங்களோன்னு.”

கோமாளி மீனின் ‘போ, போ’வை அவர் எவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்! இந்தக் கட்டுரைக்காக, ‘இதை எழுதலாமா?’ என்று பிறகு ஒருநாள் அவரையே கேட்டேன். “அழுததை எழுதாதீங்க. சொன்னதை வேணும்னா எழுதிக்குங்க” என்றார். எழுத்தாளனுக்கு எது சொந்தம், எது சொந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மீனிடம் அனுமதி கேட்க முடியாது. அது திரும்பிப் போகிறதா, நின்று இரை தேடுகிறதா என்பதைக் கவனித்து நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படிக் கவனிக்கக் கற்றுக்கொண்ட ஒரு மனிதரின் படம் 2020-ல் வெளிவந்து, 2021-ல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கிரெய்க் ஃபாஸ்டர், கேப் டவுனுக்கு அருகே கடற்பாசிக் காடுகளுக்குள் தினமும் முழுகினார். காற்றுப் பெட்டி இல்லை. குளிரைத் தடுக்கும் உடையும் இல்லை. நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸ் ஒன்றைச் சந்தித்தார். ஏறக்குறைய ஒரு வருஷம், அதன் வாழ்நாளின் பெரும்பகுதி, நாள்தோறும் அதைப் போய்ப் பார்த்தார். பல நாள் கழித்துத்தான் அது ஒரு கையை நீட்டி அவரைத் தொட்டது. அவராக அதைத் தொடவில்லை.

அவ்வளவு பொறுமைக்காரர் விஷயத்திலும் ஒருநாள் காமிராவின் லென்ஸ் கை நழுவிக் கீழே விழுந்தது. ஆக்டோபஸ் மிரண்டு வளையை விட்டே ஓடிவிட்டது. பல நாள் தேடித்தான் மறுபடி கண்டுபிடித்தார். இதைப் படத்தில் அவரே சொல்கிறார். அன்றைய பார்வைக்கு விலை கொடுத்தது ஆக்டோபஸ்தான்: அதன் வீடு. அதை மறைக்காமல் சொன்னதால் அந்தப் படத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. இன்னொன்றையும் எண்ணி நான் புன்னகை செய்துகொண்டேன். அவர் தன்னந்தனியாக நீருக்குள் போவதாகக் காட்டும் காட்சிகளில், அவரைப் படம் பிடிக்க இன்னொருவர் நீருக்குள் இருந்திருக்கிறார். தனிமையைக் காட்டுவதற்குக்கூட ஒரு துணை தேவைப்படுகிறது!

அந்தப் படத்தில் எல்லோரும் வாதிக்கும் இடம் ஒன்று உண்டு. உடம்பில் வரிகள் கொண்ட ஒரு சிறு சுறா, ஆக்டோபஸின் கை ஒன்றைக் கடித்துப் பிய்த்துவிடுகிறது. ஃபாஸ்டர் தடுக்கவில்லை. ‘கல்நெஞ்சக்காரர், பார்த்துக்கொண்டு இருந்தாரே’ என்பவர்கள் உண்டு. ‘இயற்கையில் தலையிடக் கூடாது, சரிதான்’ என்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் கொஞ்சம் அவசரப்படுகின்றன என்று எனக்குப் படுகிறது. கேட்க வேண்டிய கேள்வி இது: அவர் அங்கே இல்லாவிட்டாலும் அந்தச் சுறா வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அதன் இரையைப் பறிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. சுறாவுக்கும் பசி உண்டு. அதற்கும் அது வீடு. ஆனால் அவருடைய விளக்கையோ அசைவையோ தொடர்ந்து சுறா வந்திருந்தால், தலையிடுவதில்லை என்ற கொள்கையைச் சொல்லி அவர் தப்பிக்க முடியாது. ஏற்கெனவே தலையிட்டாகிவிட்டது. ‘மௌன உலக’த்தில் மாலுமிகள் புரிந்துகொள்ளாமல் போனது இந்த வித்தியாசத்தைத்தான்.

மனிதர் விஷயத்தில் இந்த நியாயத்தின் முதல் பாதி செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாலையில் அடிபட்டுக் கிடப்பவனைச் சுற்றி நின்று செல்போனில் படம் பிடிப்பவர்கள், ‘நாங்களா இடித்தோம்?’ என்று கேட்கலாம். இடிக்கவில்லைதான். ஆனால் விழுந்தவனும் தூக்கக்கூடியவனும் ஒரே தெருக்காரர்கள். அங்கே நாம் விருந்தாளி இல்லை. கடலில் விருந்தாளியாகவும் தெருவில் வீட்டுக்காரனாகவும் நடந்துகொள்ள வேண்டியவன், பல சமயங்களில் இடத்தை மாற்றிக்கொண்டுவிடுகிறான். கடலில் மீனைப் பிடித்து நிறுத்துகிறான். தெருவில் ஒதுங்கி நின்று படம் எடுக்கிறான்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, ‘அப்படியானால் எவரும் உள்ளே போகவே வேண்டாம்; கடல் பாட்டுக்குக் கடல் இருக்கட்டும்’ என்று சொல்லத் தோன்றும். சாத்வீகமான யோசனைபோலத் தெரிகிறது. ஆனால் பார்க்காமல் இருப்பதும் அப்படியொன்றும் புண்ணியமில்லை. நம்முடைய மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள் என்று கணக்கு. பல பத்தாண்டுகளாக அங்கே பவளப்பாறையை வெட்டிப் படகு படகாகக் கொண்டுவந்து, காளவாயில் வேகவைத்துச் சுண்ணாம்பாக்கினார்கள். கட்டடக் கல்லாகவும் பயன்படுத்தினார்கள். 1986-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வெட்டினவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வெட்டினார்கள். அந்தச் சுண்ணாம்பு பூசிய சுவருக்குள் சௌக்கியமாக வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள்? அந்தப் பவளக் காட்டை அன்று ஒருவர் படம் பிடித்து ஊரெல்லாம் காட்டியிருந்தால், இரண்டு தீவுகளும் பிழைத்திருக்குமோ என்னவோ. பாராமுகத்துக்கும் விலை உண்டு. அதைக் கொடுத்தது கடல்.

அதே கடலில் இன்றும் மூச்சடக்கி முழுகுகிற பெண்கள் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கரைகளில் கடற்பாசி எடுப்பவர்கள். கண்ணாடிக் கவசம் அணிந்து, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, நாள் முழுவதும் முழுகி முழுகி எழுகிறார்கள். நாம் விடுமுறையில் காசு கொடுத்து அரை மணி நேரம் பார்ப்பதை அவர்கள் நாளெல்லாம் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் காமிரா இல்லை. பார்வையின் விலையை நுரையீரலாலும் விரலாலும் கொடுத்தவர்கள் அவர்கள். கடலைப் பற்றி முதலில் யாரைக் கேட்க வேண்டும் என்றால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

காமிராவின் தரப்பிலும் ஒரு சாட்சி உண்டு. 2017-ல் வெளிவந்த ‘சேஸிங் கோரல்’ என்ற படம் பவளங்கள் வெளுத்துச் சாவதைக் காட்டியது. பவளத்தின் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, அதற்கு நிறமும் உணவும் கொடுக்கின்றன. கோடையின் உச்ச வெப்பத்துக்குமேல் கடல் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால் போதும், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும்; எலும்புபோல வெளுக்கும்; சூடு தணியாவிட்டால் செத்துவிடும். இதைப் படம் பிடிக்கத் தானாக இயங்கும் காமிராக்களைக் கடலடியில் வைத்தார்கள். அவை சரியாகப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் 2016-ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டுக்குப் போய், ஸாக்கரி ராகோ என்ற இளைஞரும் கூட்டாளிகளும் வாரக்கணக்கில் தினமும் முழுகினார்கள். அதே இடம், அதே கோணம், அதே பவளம். எதையும் துரத்தவில்லை, எதையும் நடக்கச் சொல்லவில்லை. நேற்று உயிரோடு இருந்தது இன்று சாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுக் கரையேறினார்கள். பவளத்தைச் சிறு வயதிலிருந்தே நேசித்த அந்தப் பையனால் அதைத் தாங்க முடியவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது. உலக அளவில் நாலாவது முறையாகப் பவளங்கள் வெளுக்கின்றன என்று 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தபோது, அது என்ன என்று பாமரருக்கும் விளங்கியதற்கு இப்படிப்பட்ட படங்களும் ஒரு காரணம்.

அங்கேயும் காமிராதான். ஆனால் அந்தக் காமிரா பார்ப்பவனிடம் விலையை வசூலித்தது. அவனைத் திரும்பத் திரும்ப வரச் சொன்னது, அழச் சொன்னது, கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொன்னது. ஆகையால் குற்றம் கருவியில் இல்லை. ‘காமிரா இல்லாவிட்டால் இதைச் செய்வேனா?’ என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறவனுக்கு அநேகமாக விடை கிடைத்துவிடும். பேத்தையை மூன்றாம் முறை துரத்துவேனா? நட்சத்திர மீனை நீருக்கு மேலே தூக்கிப் பிடிப்பேனா? மாட்டேன் என்றால், அதைச் செய்ய வைப்பது கடலின்மேல் உள்ள ஆசையன்று. கரையில் காத்திருக்கும் கண்களின் ஆசை. காமிரா இல்லாவிட்டாலும் தினமும் இங்கே வருவேனா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லக்கூடியவன், காமிராவைத் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

அடுத்த விடுமுறையில் அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போகிற அன்பர்கள் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் முறை இறங்கும்போது காமிராவைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். மிதந்துகொண்டு சும்மா இருங்கள். உங்களைக் கண்டு ஒதுங்கிய மீன்கள் சற்று நேரத்தில் திரும்பி வந்து தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கும். கடிக்கிற சத்தம்கூடக் கேட்கலாம். அதற்குப் பிறகும் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் மேலே வந்து காமிராவை வாங்கிக்கொள்ளுங்கள். எதை எடுக்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.